எட்டடிச் சந்தில் ஒரு சுங்குடிக் கடை: ஏழு வார வேலை, ஏழு மாத அனுமதி

மதுரை விளக்குத்தூணுக்குப் பின்னால் பிரியும் சந்து ஒன்றில் அந்த வீடு இருக்கிறது. சந்தின் அகலம் எட்டடி. தள்ளுவண்டி ஒன்று உள்ளே வந்துவிட்டால் எதிரே வருகிறவர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறி நிற்க வேண்டும். வீடு 18 அடி அகலம், 64 அடி நீளம். இரண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். திண்ணை, ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகும் ஒடுக்கமான நடை), முன்கூடம், முற்றம், பின்கட்டு, முன்கூடத்துக்கு மேலே ஒரு மச்சு. இரண்டு பக்கமும் பக்கத்து வீடுகளோடு பொதுச்சுவர்.

வீட்டுக்கார அக்காவுக்கு அறுபது வயதுக்கு மேல். சுங்குடிச் சேலைக்கு, சாயம் ஏற்றுவதற்கு முன்னால் துணியில் முடிச்சுப் போடுகிற குடும்பம். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் பெயர் வந்ததே தவிர, கடை வாடகை குறையவில்லை. மாதம் 9,000 ரூபாய் கொடுத்து ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். அதை விட்டுவிட்டுச் சொந்த வீட்டு முன்கூடத்திலேயே கடை போடலாம், மச்சில் நாலு பெண்கள் உட்கார்ந்து முடிச்சுப் போடட்டும், பின்கட்டில் தான் இருந்துகொள்ளலாம் என்பது அவர் கணக்கு. சாயம் ஏற்றுவது வேறு இடத்தில், ஆகவே சாயத்தண்ணீர்ப் பிரச்சினை கிடையாது. ஒரு சதுர அடிகூடப் புதிதாகக் கட்டப் போவதில்லை.

நான் பதிவுபெற்ற பொறியாளர். பிளான் போட்டு, அனுமதி வாங்கி, வேலையைப் பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. வேலை ஏழு வாரத்தில் முடிந்தது. அனுமதிக்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் எங்கே போனது என்று டைரியைப் பார்த்து எழுதுகிறேன். அனுமதி தருகிற அலுவலகத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ இதில் வராது. ஆளை மாற்றினால் சரியாகிற விஷயமும் இல்லை இது.

இல்லாத பிளானைத் தேடி

முதல் இரண்டு மாதம் ஒரே ஒரு தாளுக்காகப் போனது. ஏற்கெனவே அனுமதி பெற்ற வரைபடத்தைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அக்காவிடம் இருந்த மூலப்பத்திரம் 1938-ம் வருடத்தது. அதில் நான்குமால், அதாவது நாலு பக்க எல்லை, தெளிவாக இருக்கிறது. ‘மேற்படி மச்சு வீடும், அதில் உள்ள கதவு, நிலை, ஜன்னல் முதலானவையும்’ என்று கட்டடமும் இருக்கிறது. வரைபடம் மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? அந்தச் சந்தில் எந்த வீட்டுக்கும் கிடையாது.

"இல்லாததை எங்கிருந்து தம்பி கொண்டுவருவேன்? எங்க தாத்தாவைத்தான் எழுப்பிக் கேக்கணும்" என்றார் அக்கா. நான் பழைய வீட்டுவரி ரசீதுகள், இ.பி. அட்டை, நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றும் அந்த வீடு இருந்தது என்பதற்குச் சாட்சி. ஆனால் எதுவும் ‘பிளான்’ இல்லை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, ‘வளர்ச்சி’ என்ற சொல்லுக்குக் கொடுக்கும் பொருளில் கட்டுவது மட்டுமல்ல, கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் அடங்கும். ஆகவே வீட்டைக் கடையாக்க அனுமதி கேட்பது சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. சிக்கல் என்னவென்றால், அனுமதிக்கான கேள்விகள் எல்லாம் இனிமேல் எழும்பப் போகிற கட்டடத்தை மனதில் வைத்துக் கேட்கப்படுகின்றன. முன்பக்கம் எவ்வளவு விடுவீர்கள், பக்கவாட்டில் எவ்வளவு, வண்டி எங்கே நிற்கும். எண்பது வருடத்துக்கு மேலாக நிற்கிற வீட்டைப் பார்த்து ‘எவ்வளவு விடுவீர்கள்’ என்றால் அது என்ன பதில் சொல்லும்?

ரேழியில் நின்ற இரண்டு ஸ்கூட்டர்

அடுத்த இரண்டரை மாதம் செட்பேக்குக்கும் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்) பார்க்கிங்குக்கும். ஃபைல் நாலு தடவை திரும்பி வந்தது. நாலு தடவையும் பிளானைத் திருத்தினேன்.

2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் தொடர்கட்டடப் பகுதி என்று ஒன்று உண்டு. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற பழைய நகரப் பகுதிகளுக்கான சலுகை அது. பக்கவாட்டில் இடம் விடத் தேவையில்லை. மாசி வீதிகளை ஒரு தடவை நடந்து பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனாலும் எழுதி, விதியைக் காட்டி, மேலே கோடு போட்டு, ‘இந்த இடத்துக்குப் பொருந்துமா’ என்று இன்னொரு பிரிவின் கருத்துக்குப் போய் வந்தது.

பார்க்கிங் கதை இதைவிட வேடிக்கை. எட்டடிச் சந்தில் கார் நுழையாது. அக்கா கடைக்கு வருகிறவர்கள் விளக்குத்தூணில் இறங்கி நடந்து வருகிறவர்கள். இருந்தாலும் ரிமார்க்ஸில் ‘வாகன நிறுத்தம் காட்டப்படவில்லை’. கடைசியில் என் அலுவலகத்தில் படம் வரைகிற பையன் ரேழிக்குள் இரண்டு ஸ்கூட்டரை வரைந்துவிட்டான். ரேழியின் அகலம் மூன்றரை அடி, நடுவில் இரண்டு படி வேறு. படத்தில் நிற்கிற ஸ்கூட்டரை யாராலும் உள்ளே ஏற்ற முடியாது. ஏற்றினால் ஆள் வெளியே வர வழியில்லை. அதைப் போட்டு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, கிழித்துப் போட்டேன். போட்டிருந்தால் ஒருவேளை ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் முதல் தடவையே தேறியது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. சந்திலிருந்து கைப்பிடிச் சுவர் உச்சிவரை டேப் பிடித்தோம்: 27 அடி 4 அங்குலம், அதாவது 8.33 மீட்டர். விதி வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னால், ஒரு கொத்தனார் பன்னிரண்டடி கூரை இரண்டு வைத்து அளந்து கட்டியது.

இதைச் சொல்லும்போது, பழைய கோட்டை இருந்த இடத்தில் உருவான வெளிவீதிகள் ஞாபகத்துக்கு வருகின்றன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். இடித்துத் தூர்ப்பவருக்கே அந்த நிலம் என்ற ஏற்பாட்டில் வேலை நடந்தது. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையை முன்நின்று செய்தவர்களின் பெயர்கள். அந்தக் காலத்து முறையை நான் கொண்டாட வரவில்லை, ஒரு கோட்டையே போய்விட்டது. ஆனால் நிபந்தனையில் இடத்தின் நிலவரம் இருந்தது: இங்கே சுவர் இருக்கிறது, இங்கே பள்ளம் இருக்கிறது, இதைச் செய், இதை எடுத்துக்கொள். எங்கள் ரிமார்க்ஸ் எதிலும் அந்த வீட்டின் நிலவரம் ஒரு வரிகூட இல்லை.

அதே மாதம் திருப்பாலைப் பக்கம் ஒரு புது வீட்டு வேலையும் என் கையில் இருந்தது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில் போட்டோம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கொண்ட குடியிருப்பு என்றால் ஆன்லைனில் ஆவணங்களை ஏற்றிப் பணம் கட்டினால் உடனே அனுமதி. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று உறுத்தியது. வெறும் மனையில் 3,500 சதுர அடி எழுப்ப என் கையெழுத்தை நம்புகிற அரசாங்கம், நிற்கிற வீட்டில் 320 சதுர அடியில் சேலை விற்பதற்கு அதே கையெழுத்தை நம்பவில்லை.

"நவபத்கானா தெரு ஞாபகம் இருக்கா?"

இப்படி எழுதிக்கொண்டே போனால் அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லாம் கல்நெஞ்சர்கள் என்று தோன்றிவிடும். அது நியாயமில்லை. ஐந்தாவது மாதம், கோபத்தில் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். எதிரே இருந்தவர் ஃபைலை மூடிவிட்டு அமைதியாகக் கேட்டார்: "சார், நவபத்கானா தெரு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. 2020 தீபாவளியன்று தெற்கு மாசி வீதிப் பக்கம் நவபத்கானா தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்த துணிக்கடையில் தீப்பிடித்தது. அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் சுவர் இடிந்து விழுந்து இறந்து போனார்கள். அதற்கு முன்னால், 2018 பிப்ரவரியில், கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளில் பிடித்த தீயில் மண்டபத்தின் ஒரு பகுதியே சரிந்தது. பழைய கட்டடம், உள்ளே துணி, நெருக்கமான சந்து: நான் கொண்டுபோன ஃபைலில் இந்த மூன்றும் இருந்தன. அவர் பயப்பட்டதில் தப்பே இல்லை.

வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. அவர் பயப்படுவது தீயையும் இடிந்து விழும் சுவரையும் பற்றி. ஐந்து மாதமாக எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்ததோ ஸ்கூட்டரைப் பற்றி. பயத்துக்கும் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. அந்த வீட்டின் விட்டம் எப்படி இருக்கிறது, வயர் எந்தக் காலத்தது, மேலே இருப்பவர் எப்படி இறங்குவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், மூன்றாவதை நானும் யோசிக்கவில்லை.

உளி இறங்கிய இடம்

கட்டட உறுதிச் சான்றுக்கு ஒன்றரை மாதம் ஆனது. மச்சுக்குத் தளம் மெட்ராஸ் டெரஸ்: ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பதினொரு தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மெல்லிய செங்கலைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லியைக் கட்டையால் அடித்துக் கெட்டித்து, தட்டோடு பதித்தது. இதைக் கான்கிரீட் தளத்துக்குச் செய்கிற சுத்தியல் சோதனையால் அளக்க முடியாது. சான்று தருகிற பொறியாளர்கள் இரண்டு பேர் ‘எங்களால் சான்று தர முடியாது, இடித்துவிட்டு கான்கிரீட் போடுங்கள், உடனே தருகிறோம்’ என்றார்கள்.

மூன்றாவதாக ஒருவர் வந்தார். கூடவே பழைய வீட்டு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரையும் வரச் சொன்னேன். அந்த அண்ணன் ஏணியில் ஏறி ஒவ்வொரு கட்டையையும் உளிக்கட்டையால் தட்டிக் காதைக் கொடுத்தார். ஒன்பதுவரை ‘ணங்’ என்று ஒரே சத்தம். பத்தாவதில், முற்றத்தை ஒட்டிய சுவருக்குப் பக்கத்தில், சத்தம் அமுங்கியது. உளியை வைத்து லேசாக அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல இரண்டு அங்குலம் இறங்கியது. "மேல தூம்பு எங்க இருக்கு?" என்றார். போய்ப் பார்த்தால் மழைத்தண்ணீர் போகிற தூம்பு வாய் சரியாக அந்த மூலைக்கு மேலே, விரிசல் விட்டு, வருடக்கணக்காகச் சுவருக்குள் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தது. பத்தும் பதினொன்றும் சுவருக்குள் நுழைகிற முனையில் மட்டும் உளுத்திருந்தன. மற்ற ஒன்பதும் இரும்பு மாதிரி.

உளுத்த முனைகளை வெட்டிவிட்டு, இரும்புச் சேனலால் தாங்கு கொடுத்து, தூம்பை மாற்றினோம். எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய். இந்த ஏழு மாதத்தில் அக்கா பழைய கடைக்குக் கொடுத்த வாடகை 63,000. இந்தக் கணக்கை அக்காதான் போட்டார், நான் இல்லை.

இன்னொன்றும் அந்த நாளில் முடிவானது. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் என்று எடுத்துக்கொள்வோம், கடைக்கு 400. ஆகவே சேலைக் கட்டு, அலமாரி எல்லாம் தரையில் மட்டும். மச்சில் பாய் விரித்து நாலு பேர் உட்காருவதோடு சரி, சரக்கு ஒன்றும் ஏறாது. பழைய கட்டடத்தில் வேலை செய்வதன் சூட்சுமமே இதுதான் என்று நினைக்கிறேன். தாங்குகிற இடம் பார்த்துத்தான் பாரத்தை வைக்க வேண்டும். ஆனால் இதை எழுதிக் காட்ட விண்ணப்பத்தில் ஓர் இடம் இல்லை. தனித்தாளில் எழுதிப் பின்னால் சொருகினேன்.

ஒரு சனிக்கிழமை

கடைசி மாதம். மேலதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை காலையில் சந்துக்குள் நடந்து வந்துவிட்டார். அக்கா காபி கொடுத்தார். அவர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார், சேனல் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தார். மச்சுக்கு ஏறினார். பிறகு கேட்டார்: "கீழே முழுக்கத் துணி. படிக்கட்டு கடைக்குள்ளேதான் இறங்குது. கீழே தீப்பிடிச்சா மேலே இருக்கற நாலு பொம்பளைங்க எப்படிம்மா வெளியே வருவாங்க?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. நாலு தடவை திருத்திய பிளானில் அந்தப் படிக்கட்டு கடைக்குள்தான் இறங்கியது.

அங்கேயே நின்று முடிவெடுத்தோம். மரப்படிக்கட்டைத் திருப்பி முற்றத்தில் இறக்குவது, முற்றம் திறந்தவெளி. அங்கிருந்து பின்கட்டு வழியாகப் பின் சந்துக்கு ஒரு கதவு ஏற்கெனவே இருந்தது, குப்பை போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். அதைத் திறப்பது. மெயின் போர்டைக் கூடத்திலிருந்து திண்ணைக்கு மாற்றுவது, பழைய வயர் அத்தனையும் எடுத்துவிட்டு டிரிப்பர் போடுவது. முன்கூடத்தை மட்டும் கடையாகக் காட்டி மற்றதைக் குடியிருப்பாகவே விடுவது. இருபத்தைந்து நிமிடம் இருக்கும். இறங்கிப் போகும்போது அவர் சொன்னார்: "இதை முதல்லயே நேர்ல பாத்திருக்கலாம்." நான் ஒன்றும் சொல்லவில்லை. அனுமதி அடுத்த மூன்றாவது வாரம் வந்தது.

நடுவில் வரியும் இ.பி.யும் ஒரு சுற்று சுற்றின. கமர்ஷியல் மீட்டருக்கு வரி ரசீது கமர்ஷியலாக வேண்டும். வரியை மாற்ற அங்கே கடை நடப்பதற்கு அத்தாட்சியாக மீட்டர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. கடைசியில் கடைக்குத் தனி மீட்டர் வாங்கினோம். வீட்டு மீட்டரைத் தொடவில்லை. தொட்டால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போய்விடும் என்பதில் அக்கா கறாராக இருந்தார்.

எதை மாற்றலாம்

ஏழு மாதத்தில் கட்டடத்தைப் பத்திரமாக்கிய நேரம் என்று பார்த்தால் கொத்தனார் அண்ணனின் அரை நாள், மேலதிகாரியின் இருபத்தைந்து நிமிடம். என் ஒரே கோரிக்கை, அந்த இருபத்தைந்து நிமிடம் முதல் வாரத்தில் வர வேண்டும் என்பது. ஃபைல் உருவாவதற்கு முன்னால், ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு, நகரமைப்பிலிருந்து ஒருவர், தீயணைப்பிலிருந்து ஒருவர், வீட்டுக்காரரின் பொறியாளர், மூன்று பேரும் சேர்ந்து போய்ப் பார்த்து ஒரு பக்கக் குறிப்பு எழுதட்டும். அதில் சொன்னதைச் செய்தால் அனுமதி. ஆள் பற்றாக்குறை என்பார்கள். எங்கள் ஃபைல் நாலு தடவை திரும்பியதில் எத்தனை மேஜை ஏறி இறங்கியது என்று எண்ணிப் பார்த்தால் ஒரு தடவை நடந்து வருவது லாபம்.

இது கனவு இல்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு காலத்தில், பழைய கட்டடத்தில் செய்கிற வேலையின் செலவு கட்டடத்தின் மதிப்பில் பாதியைத் தாண்டினால் முழுக் கட்டடத்தையும் புதுக் கட்டடத்துக்கான விதிக்குக் கொண்டுவர வேண்டும் என்று இருந்தது. மதிப்புக் குறைந்த பழைய கட்டடம் என்றால் கொஞ்சம் வேலை செய்தாலே பாதி தாண்டிவிடும். ஆகவே யாரும் தொடாமல் பாழாக விட்டார்கள். 1998-ல் அதை எடுத்துவிட்டு, பழைய கட்டடங்களுக்கென்று தனி விதித்தொகுப்புக் கொண்டுவந்தார்கள். பழுதுபார்த்தால் இவ்வளவு, உள்ளே மாற்றினால் இவ்வளவு, பயன்பாட்டை மாற்றினால் ஆபத்து கூடுகிறதா என்று பார்த்து அதற்குத் தக்க இவ்வளவு. எங்கள் விஷயத்தில் கூடிய ஆபத்து என்ன? துணிச் சரக்கும் மச்சில் இருக்கிற நாலு பேரும். அந்த இரண்டுக்கும் பதில் கேட்டால் போதும். செட்பேக் அப்படியேதான் இருக்கிறது, அது கூடவும் இல்லை குறையவும் இல்லை.

பிளான் இல்லாத வீட்டுக்குப் பழைய பத்திரமும் வரி ரசீதும் நில அளவைப் பதிவேடும் போதும் என்று எழுத்தில் வர வேண்டும். புதுக் கட்டடத்தைப் பழையது என்று ஏமாற்றுவார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். மெட்ராஸ் டெரஸை யாரும் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டு ஏமாற்ற முடியாது; உளியை எடுத்துக்கொண்டு ஏறினால் தெரிந்துவிடும். பார்க்கிங்கைப் பொறுத்தவரை, கார் நுழையாத சந்தில் சின்னக் கடைக்கு அது வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கஷ்டமானது உறுதிச் சான்றுதான். சுண்ணாம்புக் கட்டடத்துக்குச் சான்று கொடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்த கொத்தனார்களுக்குக் கையெழுத்துப் போடும் தகுதி இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு படிவமாவது வேண்டும்: கட்டையின் முனை, தூம்பு, சுவரின் ஈரம், செங்கல் அடுக்கின் தொய்வு. அதுகூட இல்லாததால்தான் ‘இடித்துவிட்டு வாருங்கள்’ என்பது சுலபமான பதிலாக இருக்கிறது.

அக்காவின் கடை இப்போது நடக்கிறது. தொழில் உரிமம் வாங்கி மாட்டியிருக்கிறார். மச்சில் மதியம் ரேடியோ பாடுகிறது. போன மாதம் அதே சந்தில் நாலு வீடு தள்ளி இருப்பவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், இதே மாதிரி அவர் வீட்டையும் செய்ய முடியுமா என்று. முடியும் அண்ணே என்றேன். எவ்வளவு நாள் ஆகும் என்றார். டைரியில் இருந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நேற்று அந்தப் பக்கம் போனபோது அக்கா சொன்னார், பழைய மரம் வாங்குகிற ஆள் ஒருவர் வந்து அந்த நாலு வீடு தள்ளி இருப்பவர் வீட்டுக் கட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம்.